அம்மோனைட் ஓட்டின் முத்துப் பளபளப்பு எங்கே போயிற்று?

கேள்வி: காரையில் பார்த்த அம்மோனைட் புதைபடிவங்கள் பலவற்றில் சிப்பியின் பளபளப்பே இல்லை. ஏன்?
– வாசகர், ரஞ்சன்குடி

பதில்: உங்கள் ஊர்க் கோட்டை நிற்கும் பாறை கடலில் படிந்ததல்ல. தெற்கே காரை முதல் அரியலூர் வரை, கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட்டின் ஓடு அரகோனைட். அது கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். ஆனால் நிலையான வடிவம் கால்சைட்.

இங்கேதான் மக்னீசியம் வருகிறது. அந்த அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை எளிதில் விடாது. கால்சைட் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியை மந்தமாக்கும். இன்றைய கடல்நீரில் ஒரு கால்சியத்துக்குச் சுமார் ஐந்து மக்னீசியம். அதனால் அங்கே அரகோனைட் தாராளமாகப் படிகிறது.

கடல் விலகியதும் மழைநீர் மண்ணில் இறங்கியது. அதில் மக்னீசியம் மிகக் குறைவு, தடை நீங்கிவிட்டது. அரகோனைட் கரைய, கால்சைட் வளர்ந்தது; பளபளப்பும் போயிற்று. சில இடங்களில் ஓடு முழுதும் கரைந்து உள்அச்சு மட்டுமே எஞ்சியது. நீர் புகாத களிமண்ணில் புதைந்த ஓடுகளில் மட்டும் பளபளப்பு தப்பியிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து பெயர்க்காதீர்கள். படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.