தீவுக்குப் போகிறவர்கள் படகுக் கூலியிலிருந்து கணக்கைத் தொடங்கட்டும்

கடைசி செமஸ்டர் நெருங்கினால் தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்று பேசிக்கொண்டிருந்த காலம் போயிற்று. இப்போது தீவு. எந்தத் தீவு என்பதை இன்ஸ்டாகிராம் முடிவு செய்கிறது. எப்படிப் போவது என்பதை வீட்டில் முடிவு செய்கிறார்கள்: "தெரிஞ்ச ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ்ல போறதா இருந்தா போ, இல்லேன்னா வேண்டாம்." இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வணிகவியல் வாத்தியாராக வருஷாவருஷம் பார்க்கிறேன். வேலைக்குச் சேரும் முன்பே ஈ.எம்.ஐ. வந்து சேர்ந்துவிடுகிறது. தேய்மானக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பையன், நாலு ராத்திரிக்கு ஒரு லட்சம் என்றால் அதில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதில்லை.

விமான டிக்கெட் எல்லார் கண்ணிலும் படும் செலவு. சலுகை விலை என்று வருவதும் அதில்தான். பணத்தைத் தின்பது அதற்கப்புறம் வருகிற தண்ணீர் வழி. இறங்கிய இடத்திலிருந்து படுக்கப்போகும் அறை வரை எத்தனை முறை கடலைக் கடக்க வேண்டும்? அந்தப் படகை ஓட்டுவது அரசா, தனியாரா, ஹோட்டல்காரரா? அரிசியும் காய்கறியும் அதே தண்ணீரைக் கடந்துதான் வருகின்றன என்பதால் சாப்பாட்டு விலையும் இந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது. இது தெரியாமல் எந்தத் தீவுக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

ராமேஸ்வரமும் தீவுதான் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தபோதே தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. மாலையில் நம் ஊரில் ஏறினால் விடிகாலையில் தீவில் இறங்கலாம். படகுச் செலவு பூஜ்யம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். அங்கே கடலில் இறங்கி நீந்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும், இழுப்பு அதிகம். ஐந்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஒருவருக்கு மூன்று நாள் தாராளம்.

அந்தமானைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச மாட்டேன். நான் கப்பல் கட்சி. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் பயணிகள் கப்பலில் பங்க் வகுப்பில் படுத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று நாள் கழித்துக் கரையைப் பார்த்தவனுக்குத்தான் தீவு என்றால் என்னவென்று புரியும் என்பது என் பிடிவாதம். ஆனால் கப்பல் புறப்படும் தேதி முன்கூட்டியே திடமாகத் தெரியாது, வானிலையைப் பார்த்துத் தள்ளியும் போகும். கம்பெனியில் சேரும் தேதி குறித்துவிட்டவர்கள் கப்பலில் போய் விமானத்தில் திரும்புங்கள். விமானத்தில்தான் போக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு மணி நேரச் சொச்சம். விமான நிலையமும் நம் வாசலில்தான்: தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் போதும். முன்கூட்டி எடுத்தால் போக வரப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ஆகும். மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் தீவு 2018 முதலே ஸ்வராஜ் த்வீப். தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். அங்கிருந்து ஹேவ்லாக் போக அரசுப் படகு சில நூறு ரூபாயில் முடியும், தனியார் படகு ஒரு வழிக்கே ஆயிரத்தைத் தாண்டும். பேக்கேஜில் எப்போதும் தனியார் படகைத்தான் போடுவார்கள். நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் ஐந்தரை மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். காலை ஐந்து மணிக்கு எழாதவர்களுக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். போர்ட் பிளேரில் தமிழ் பேசியே ஆட்டோ பிடிக்கலாம், இட்லி சாப்பிடலாம்; மொழி தெரியாத ஊரில் ஏமாறும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். ஐந்து நாளுக்கு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் முடிக்கலாம்.

அந்தமான் பார்த்தாகிவிட்டதா? யாழ்ப்பாணம் போங்கள். சென்னையிலிருந்து அதன் விமான நிலையமான பலாலிக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிக் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனால் சொற்பக் கட்டணத்தில் நயினாதீவு, கொஞ்ச நேரம் கூடுதலாகப் போனால் பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளும் உள்ள நெடுந்தீவு. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கும்.

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பெரும்பாலும் கொச்சி வரை போய்த்தான் கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டும், பொறுமைசாலிகளுக்கு உரியது. பாலிக்குப் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போக வேண்டும். இறங்கியதும் விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரியாக இன்னும் ஒன்றரை லட்சம் ரூபியா. பயப்படாதீர்கள், நம் காசில் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்தான்.

இனி மாலத்தீவு. எல்லாப் பிள்ளைகளும் கேட்பது இதைத்தான், நான் வேண்டாம் என்பதும் இதைத்தான்.

"விசாவே கிடையாது, இலவசம்" என்றுதான் ஏஜென்டுகள் பேச்சைத் தொடங்குவார்கள். இறங்கியதும் கொடுக்கும் 30 நாள் அனுமதிக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. அதை யாரும் உங்களுக்குச் செய்துகொடுக்கும் சலுகையாகச் சொல்லக் கூடாது. பயணத்துக்கு முந்தைய நாலு நாளுக்குள் நிரப்ப வேண்டிய இமுகா என்னும் பயணி அறிவிப்புப் படிவமும் இலவசம்தான். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் போலி.

ரிசார்ட் விலையில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். கல்யாண மண்டபத்தில் வாடகையைச் சொல்லிவிட்டு, கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு என்று கடைசி நாளில் சீட்டு நீட்டுவார்களே, அதே வேலைதான். இருவர் தங்கும் அறை இரவுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 220. அதன் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி., 2025 ஜூலை முதல் 17 சதவீதம். 257 டாலரைத் தாண்டியாயிற்று. நாலு ராத்திரிக்கு 1,030. பசுமை வரி தலைக்கு, இரவுக்கு 12 டாலர் வீதம் 96. ரிசார்ட் தூரத்தில் இருந்தால் பெரும்பாலும் கடல் விமானம்தான் வழி. போக வர ஆளுக்கு 500 டாலர் என்றால் இருவருக்கு 1,000. ஆக, 800 டாலர் என்று நினைத்த அறை 2,126 டாலரில் நிற்கிறது. டாலரை 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஒரு லட்சத்து எண்பதாயிரம். சென்னையிலிருந்து மாலே போகும் டிக்கெட்டும் சாப்பாடும் இதில் வரவில்லை. ஒரு தீவுக்கு ஒரே ஹோட்டல் என்பதால், விலை பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்கு நடக்க முடியாது.

சாதாரண கார்டைத் தேய்த்தால் இன்னொரு வெட்டு. பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கின்றன. லட்ச ரூபாய்க்கு நாலாயிரம் போயிற்று. மெஷினில் "ரூபாயிலா, டாலரிலா" என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். வெளிநாட்டு பேக்கேஜுக்கு ஏஜென்ட் பிடிக்கும் டி.சி.எஸ். என்ற முன்வரி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்பக் கிடைக்கும். அப்பாவின் பான் எண்ணில் கட்டியிருந்தால் அவர்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

அடம் பிடிப்பவர்களுக்கு மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவுகள் உண்டு. சிறிய விடுதிகளில் பசுமை வரி பாதிதான், மாலேயிலிருந்து அரசுப் படகும் வரும். மது கிடையாது என்பதை மட்டும் பையன்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும். நீல நிறமும் வெள்ளை மணலும்தான் வேண்டுமென்றால் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு என்ன குறை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யார் எதற்கு ஏற்றவர் என்பதையும் பாருங்கள். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவனை நண்பர்கள் ஸ்கூபாவுக்கு இழுத்துப் போய் மூவாயிரத்துக்கு மேல் கட்டவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பதில்தான் மகிழ்ச்சி. நடக்கப் பிடித்தவர்கள் நெடுந்தீவுக்குப் போகட்டும். வேலையில் சேர்ந்து மாதம் மூவாயிரம் எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் அந்தமான் கையில் இருக்கிறது, வட்டி இல்லாமல். பத்து மாதம் காத்திருந்தால் எந்தத் தீவும் மூழ்கிவிடாது.

பெற்றோர்களே, பிள்ளை பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதால்தான் பேக்கேஜ் கேட்கிறீர்கள், புரிகிறது. நகையை அடகுவைக்கும் முன் ஏஜென்டிடம் அறை, வரி, படகு, சாப்பாடு நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.