முதலில் மண்மேடு

அன்புள்ள அருணுக்கு,

மாமா எழுதுகிறேன். ஆஸ்டினுக்கு வெளியே பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிவிட்டாய் என்றதும் உன் அத்தை கேட்டது, கிணறு இருக்கிறதா என்று. நீ என்னிடம் கேட்டது, எந்த .22 ரைஃபிள் வாங்கலாம் என்று. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே “சரி மாமா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எதுவும் வாங்காதே. நீ இன்னும் எச்-1பி விசாவில் இருக்கிறாய். அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. இது மத்திய அரசின் சட்டம், டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இதில் உதவிக்கு வராது. கடையில் நிரப்பச் சொல்லும் படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று உன் அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனாலும் ஒரு சிறு துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானாலே நாட்டைவிட்டு அனுப்ப வழி இருக்கும்போது, உன் வேலை, வீடு, குழந்தையின் பள்ளி எல்லாவற்றையும் ஒரு வேட்டை உரிமத்தை நம்பி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படித்தான் செய்வேன் என்றால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்கு. இல்லையென்றால் கிரீன் கார்டு வரும்வரை பொறு. இந்தியாவில் பிறந்தவனுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் ஏர் ரைஃபிளில் கை நன்றாகப் பழகிவிடும்.

ஏர் ரைஃபிளில் வெடிமருந்து இல்லை. அதனால் மத்திய சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. “பொம்மைத் துப்பாக்கியா மாமா?” என்று கேட்காதே. மெரினாவில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்தக் கோணல் குழலை வைத்து இந்த இனத்தையே எடைபோட்டுவிடாதே. 1804-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தேடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் காற்றழுத்தத்தால் சுடும் ஒரு ரைஃபிளை எடுத்துப்போய், வழியில் சந்தித்த பழங்குடியினருக்கு அதைச் சுட்டுக் காட்டி அசத்தினார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அவர் பழகியது பெற்றோர் வீட்டிலேயே கட்டிக்கொடுத்த சுடுதளத்தில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அதே பத்து மீட்டரில்தான். அந்தப் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். குண்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர். உன் வீட்டுப் பின்வாசலிலிருந்து பத்து மீட்டர் என்பது துணி காயப்போடும் கொடி வரைக்கும் வராது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஒரு ஆயுள் முழுக்கக் கற்றுக்கொள்ள வேலை இருக்கிறது.

ஏர் ரைஃபிளோ .22-ஓ, எதை வாங்குவதற்கு முன்பும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார். துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினை, சுடக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, குறி பார்த்து முடியும்வரை விசையில் விரல் வைக்காதே என்பதெல்லாம் யூடியூபில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். நான்காவதாக வரும் “குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள்” என்பதைத்தான் புதியவர்கள் வாயால் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சாதாரண .22 தோட்டாவின் குண்டு ஒன்றரை மைல் வரை, அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் போகும். உன் பத்து ஏக்கர் சரியான சதுரமாக இருந்தால்கூட ஒரு பக்கம் 660 அடிதான், 200 மீட்டர். வேலிக்கு அப்பால் மேயும் மாடு யாருடையது, அந்த மண்சாலையில் பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் குண்டுக்குத் தெரியாது. பொழுதுபோக்குக்குச் சுட்ட குண்டு தெரிந்தே நில எல்லையைத் தாண்டினால் டெக்சாஸில் அது குற்றம். ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டும் சில நூறு கெஜம் போகும், கண்ணைப் பறிக்கும். காற்றுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

அதனால் ஒரு மண்மேடு கட்டு. எட்டடி உயரமாவது இருக்கட்டும், முன்முகம் செங்குத்தாக இருக்கட்டும். முகம் சாய்ந்து படுத்திருந்தால் குண்டு மேலேறிப் பறந்துவிடும். .22 குண்டு மெதுவானது, மென்மையானது. கல், தண்ணீர், இறுகிய தரை எதில் பட்டாலும் தெறித்துத் திசைமாறுவதில் அதற்குப் பேர் உண்டு. உங்கள் பக்கம் மண் எல்லாம் சுண்ணாம்புக்கல். ஆகவே குண்டு படும் முகத்துக்கு மட்டுமாவது சல்லடையில் சலித்த மண்ணைப் போடு. விறகு அடுக்கினால் போதாதா என்று கேட்பாய். விறகு கொஞ்ச நாளில் அரித்து ஓட்டை விழும், அதற்குள் தேளும் பாம்பும் குடிவந்துவிடும்.

குறியை மேட்டின் அடிவாரத்தில், தாழ்வாக வை. நீ மேசையருகே உட்கார்ந்து சற்றுக் கீழ்நோக்கிச் சுட்டால், குறி தப்பின குண்டும் மண்ணுக்குள்தான் போகும். முடிந்தால் வடக்குப் பார்த்துச் சுடும்படி அமை. காலையானாலும் மாலையானாலும் வெயில் கண்ணில் அடிக்காது, குறிமேல் வெளிச்சம் இருக்கும். ஏர் ரைஃபிள் மட்டும் என்றால் ஒரு மரப்பெட்டிக்குள் டக்ட் சீல் என்ற களிமண் மாதிரிப் பொருளை இரண்டு அங்குலம் அப்பி வைத்தாலே குண்டைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். எலக்ட்ரீஷியன்கள் குழாய் வாயை அடைக்கப் பயன்படுத்துவது அது, ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். அந்தப் பெட்டிக்குப் பின்னாலும் மேடு இருக்கட்டும்.

எந்த ரைஃபிள் என்பதை இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள், 4.5 மில்லிமீட்டர். ஜெர்மனியின் வைராஹ் நிறுவனத்து எச்.டபிள்யூ.30 எனக்குப் பிடித்தது. பணம் கையைக் கடித்தால், ஸ்பிரிங் வகை இல்லையென்றாலும், 1966 முதல் விற்றுவரும் கிராஸ்மன் 760 போதும். பெட்டிமேல் வினாடிக்கு 1,200 அடி வேகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வாங்காதே. ஒலியின் வேகத்தைத் தொடும் குண்டு தள்ளாடும், வெடியோசையும் கேட்கும். 600 அடி வேகமுள்ளது பின்வாசலுக்குத் தாராளம்.

ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஒரு குணம் உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னே துள்ளும். இதெல்லாம் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே நடந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் சுடும்தோறும் உன் இறுக்கத்துக்கு ஏற்பக் குறி மாறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் கிடத்து. தோளிலும் அழுத்தாதே, துள்ளட்டும், விட்டுவிடு. குண்டு போடாமல் வெறுமனே சுடாதே, பிஸ்டன் மோதி உடையும். மடக்கிக் குண்டு போடும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்கட்டும், இல்லாவிட்டால் விரல் போகும்.

இனி, நீ உண்மையில் கேட்க வேண்டியிருந்த கேள்விக்கு வருகிறேன்: எப்படிச் சுடுவது? சாவகாசமாக. சனிக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு உட்கார். தட்டைத்தலைக் குண்டு வாங்கு, காகிதத்தில் வட்டமான ஓட்டை போடும். ஐந்து குண்டு சுடு, ரைஃபிளைக் கீழே வை, நடந்துபோய்ப் பார். ரைஃபிள்மேல் தொலைநோக்கி வேண்டாம் என்று நான் சொல்வதே அந்த நடைக்காகத்தான். மேலும் ஸ்பிரிங் ரைஃபிளின் இரட்டைத் துள்ளல் சாதாரண தொலைநோக்கியை உலுக்கிக் கெடுத்துவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விசையைப் பிடுங்காமல் அழுத்து, குண்டு போன பிறகும் ஒரு கணம் குறியைப் பார்த்துக்கொண்டிரு. ஐந்து ஓட்டையும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தால், அந்த இடம் நடுப்புள்ளிக்கு வெளியே இருந்தாலும் நீ நன்றாகச் சுடுகிறாய். குறியை நகர்த்துவது திருகாணி வேலை, நெருக்கம்தான் உன் வேலை.

காகிதம் சலித்தால் தகரடப்பா, கயிற்றில் சுழலும் தகடு என்று போகலாம். கண்ணாடிப் புட்டி மட்டும் கூடாது. நமுத்துப்போன அப்பளத்தைக் கிளிப்பில் மாட்டிச் சுட்டுப் பார், இதைவிடத் திருப்தியான குறி கிடையாது. கடையில் ஐம்பது டாலருக்கு விற்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பி.பி. என்ற எஃகு உருண்டைக் குண்டு கெட்டியான பொருளில் பட்டால் நேரே உன் முகத்துக்கே திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உட்காராதே, பக்கத்தில் நிற்பவரும் அப்படித்தான். பீரைக் கையில் எடுத்துவிட்டால் அன்றைய சுடுதல் முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் நீயே போய்ச் சொல். ஏதாவது இனிப்பு எடுத்துப் போ. நகர எல்லைக்கு உள்ளே இருக்கிறாயா, வெளியேயா என்று வரைபடத்தில் பார். கவுண்டி விதியையும் குடியிருப்போர் சங்கத்து விதியையும் படி. எல்லைக்கு வெளியே உள்ள மனைப் பிரிவுகளில்கூட, பத்து ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைகளில் துப்பாக்கி சுடுவதைக் கட்டுப்படுத்தக் கவுண்டிக்கு டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. உன் நிலம் சரியாக அந்த அளவில்தான் நிற்கிறது. ஏர் ரைஃபிளையும் தடுக்கும் நகரங்கள் பல உண்டு.

ஈயம் விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, அதற்குமுன் முறுக்கு பாக்கெட்டில் கை விடாதே. உன் அம்மா வந்தால் முதல் வாரமே கத்தரியும் முருங்கையும் நட இடம் தேடுவாள். மேட்டுக்குப் பக்கத்தில் அந்த இடத்தைக் காட்டாதே.

பறவைகளை விட்டுவிடு. ஊரில் கவட்டை வைத்து ஓணான் அடித்த கை சும்மா இராது என்று எனக்குத் தெரியும். 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் அமெரிக்காவில் இயல்பாக வாழும் பறவைகளில் அநேகமாக எல்லாவற்றையும் காக்கிறது. உன் வேலியில் உட்கார்ந்து விதவிதமாகப் பாடும் மாக்கிங்பேர்ட் இந்த மாநிலத்தின் பறவை வேறு.

தமிழ்ச் சங்க நண்பர்கள் குடும்பத்தோடு வரும் நாளில் ரைஃபிள் வெளியே வரவே வேண்டாம். பத்துப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் ஒருவனால் கண்வைத்திருக்க முடியாது. ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அந்தப் பிள்ளை மட்டும், அதன் அப்பா அம்மாவின் சம்மதத்தோடு, நீ பக்கத்தில் உட்கார்ந்து. மற்ற நேரமெல்லாம் பூட்டிய அலமாரி. சாவி உன்னிடம்.

.22 எங்கும் போய்விடாது. இன்று நாம் சுடும் நீளத் தோட்டா 1887-இல் வந்தது. அடிவிளிம்பில் ஊசி அடித்தால் பற்றும் அந்த ஏற்பாடு அதற்கும் மூத்தது. பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் 1845 வாக்கில் வீட்டு வரவேற்பறையில் சுட்டு விளையாட என்றே செய்த சின்னத் தோட்டாக்களிலிருந்து பிறந்தது. கார்டு கைக்கு வந்ததும் சொல், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் போல்ட் ரைஃபிள் ஒன்று பார்த்துத் தருகிறேன். பத்துப் பத்தாகப் பொரிந்து தள்ளும் வகை அப்போதும் வேண்டாம். ஒலி வேகத்துக்குக் குறைவான தோட்டா வாங்கு, அண்டைவீட்டார் நன்றி சொல்வார்கள். அதிலும் காதுக்கு அடைப்பு கட்டாயம்.

இன்னொன்று. அமெரிக்காவில் துப்பாக்கி என்றாலே உன் அம்மாவுக்குச் செய்தியில் பார்த்ததுதான் ஞாபகம் வரும். நீ ஏர் ரைஃபிள் வாங்கப்போவதை, எதற்கு, எங்கே, எப்படிப் பூட்டி வைப்பாய் என்பதோடு சேர்த்து நீயே அவளிடம் சொல்லிவிடு. என் மூலமாக அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
மாமா