கேமரன் மலையில் கரியடுப்பைத் தேடி

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவின் பெரிய சாலையில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஒரு நடை போய்ப் பாருங்கள். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். வரிசையாக இருக்கிற சாப்பாட்டுக் கடைகளில் தந்தூரி அடுப்பை மூட்டுகிற நேரமும் அதுதான். கரி பிடித்து, முதல் புகை அடங்கி, மசாலா தடவிய கோழி உள்ளே இறங்கும்போது எழுகிற வாசனைக்கு அந்தக் குளிரில் தனி வலு உண்டு. இங்கே வருகிறவர்களில் பலர் தேயிலையையும் ஸ்ட்ராபெர்ரியையும் பார்த்துவிட்டு, கிடைத்த இடத்தில் எதையோ சாப்பிட்டு இறங்கிவிடுகிறார்கள். பகலைத் தோட்டத்துக்குக் கொடுங்கள், இரவை அடுப்புக்குக் கொடுங்கள் என்பது என் யோசனை. ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெப்பநிலை 15 பாகையை ஒட்டி இறங்கும். ஆறிப்போன சோறு இந்தக் குளிருக்கு ஒத்து வராது.

மலைக்குப் போகிறவருக்கு வழியையும் சாப்பாட்டையும் சேர்த்தே சொல்வது நமக்குப் பழைய வழக்கம். நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு, எந்த மலைச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்று மலைபடுகடாம் சொல்லிக்கொண்டே போகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி இருக்கிறது. நெருப்பில் வாட்டிய கறியைத் தேடிப் போவது நமக்குப் புதிதில்லை.

முதலில் பெயர்ப்பலகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'பார்பிக்யூ' என்ற சொல்லுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு பொருள் உண்டு. டெக்சஸிலும் கரோலினாவிலும் பெரிய இறைச்சித் துண்டை மெல்லிய சூட்டில், விறகுப் புகையில், பல மணி நேரம் போட்டு வைத்து, தொட்டால் பிரிகிற பதத்துக்குக் கொண்டுவருவார்கள். கேமரன் மலையில் அந்தப் பலகையைப் பார்த்து அதை எதிர்பார்க்காதீர்கள். இங்கே அது பெரும்பாலும் மேசை மேல் வைக்கிற சுடுகல்லைக் குறிக்கும். மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் வேகவைத்துச் சாப்பிடுகிற ஸ்டீம்போட் பானையோடு சேர்த்து வைப்பார்கள், கறியை நீங்களே வாட்டிக்கொள்ள வேண்டும். 'ஸ்மோக்ஹவுஸ்' என்ற பெயரும் அப்படித்தான். கோல்ஃப் மைதானத்துக்கு அருகே, பழைய ஆங்கிலேயக் கிராமத்து வீடு போலக் கட்டிய விடுதி அது. புகையூட்டிய கறிக்குப் பேர்போன கடை என்று நினைத்துப் போகக் கூடாது. தோட்டத்தில் உட்கார்ந்து ஸ்கோன், ஜாம், கிரீமோடு தேநீர் குடிக்கப் போகலாம். 1930களின் துரைமார் காலம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

துரைமார் பக்கம் அப்படி இருக்க, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பது தானா ராத்தாவின் தமிழ்க் கடைகளில்தான் தெரியும். அதற்கு முன் அந்த லயங்கள் வந்த கதை. 1885இல் இந்த மேட்டுநிலத்தை நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தார். தேயிலை வந்தது 1929இல். ஜே. ஏ. ரஸல் என்பவர் சிலோனில் பழகிய தோட்டக்காரர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போ நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு ஸ்டீம் ரோலர், கோவேறு கழுதைகள், கூலியாட்கள், இவ்வளவையும் வைத்துத்தான் காட்டை அழித்தார்கள் என்று நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அந்தக் கூலியாட்கள் என்ற சொல்லுக்குள் நம் மக்கள் இருக்கிறார்கள். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. கேமரன் வேலி என்ற பெயரில் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் சாலையோரத்தில் பார்ப்பீர்களே, அதுதான். இன்று தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல லயத்தை விட்டு ஊருக்குள் வந்துவிட்டன. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

தானா ராத்தாவின் பெரிய சாலையில் குமார், ஸ்ரீ பிரிஞ்சாங் ஆகிய கடைகள் பயணிகளிடையே பல ஆண்டுகளாகப் பேர் வாங்கியவை. அக்கம்பக்கத்தில் இன்னும் சில உண்டு. மதியமும் இரவும் இவை இரண்டு வேறு கடைகள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் வாழையிலைச் சாப்பாடு. சோறு, மூன்று வகைக் காய், அப்பளம், ரசம், குழம்பு. சோறும் காயும் கேட்கக் கேட்க வரும். கோழி வறுவல், ஆட்டிறைச்சி பிரட்டல், மீன் எல்லாம் தனிக் காசு. தட்டில் எடுத்து நீட்டும்போதே "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிரட்டல் என்பது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் பழகிய சொல் இல்லை. மசாலா கறியோடு ஒட்டும்படி கெட்டியாகப் புரட்டி எடுப்பது அது, மலேசியத் தமிழ்ச் சமையலின் கைவண்ணம். ஆட்டிறைச்சி பிரட்டல் கிடைத்தால் விடாதீர்கள்.

இரவு தந்தூரி. பஞ்சாபிலிருந்து வந்த அடுப்பு தமிழர் கையில் எப்படி மாறியிருக்கிறது என்பதை இங்கே நாக்கால் தெரிந்துகொள்ளலாம். காரம் கொஞ்சம் கூடுதல், பக்கத்தில் புதினாச் சட்டினியோடு ஒரு கிண்ணம் குழம்பும் வந்துவிடும். நான் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். கோழி கேட்கும்போது தொடைத் துண்டாகக் கேளுங்கள். நெஞ்சுத் துண்டு குளிர்க்காற்றில் சீக்கிரம் வறண்டுவிடும். முக்கியமாக, வெளியே மேசையில் உட்காராமல் அடுப்புக்குப் பக்கத்து மேசையாகப் பிடியுங்கள். நான் முதல் தடவை போனபோது காட்சிக்கு ஆசைப்பட்டு வெளியே உட்கார்ந்தேன். சாரல் அடித்தது, நான் ரொட்டி ரப்பராகிவிட்டது. மறுநாள் அடுப்பருகே உட்கார்ந்தபோதுதான் அந்தச் சாப்பாட்டின் அருமை புரிந்தது. கரி தட்டும் சத்தமும், நீளக் கம்பியை உள்ளே விட்டு ரொட்டியைப் பெயர்த்தெடுக்கும் கையும் பக்கத்தில் இருந்தால் பசியும் கூடுகிறது.

கடைக்காரர்களிடம் தமிழிலேயே பேசுங்கள். பணத்தை ரிங்கிட் என்று பலகையில் எழுதியிருந்தாலும் பேச்சில் 'வெள்ளி' என்பார்கள். பொட்டலம் கட்டச் சொல்ல 'தப்பாவ்' என்றால் போதும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனத்தாருக்கும் புரியும்.

இனி ஸ்டீம்போட். இதற்காக ஒரு முழு இரவை ஒதுக்குங்கள். நடுவில் புகைபோக்கி வைத்த பானை, அதன் அடியில் கரி, சுற்றிலும் கொதிக்கும் சாறு. இந்தப் பழைய முறைப் பானையை வைத்திருக்கிற சீனக் கடைகள் பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் இன்னும் இருக்கின்றன. பல கடைகள் எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டன. உள்ளே நுழையுமுன் 'அராங்?' என்று கேளுங்கள். மலாயில் கரிக்கு அதுதான் சொல். கரிப்பானை உள்ள கடைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக நடந்தாலும் தகும். சூடு ஒரே சீராக நிற்கும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்கும் வெதுவெதுப்புக் கிடைக்கும்.

இந்த உணவு கேமரன் மலைக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் காய்கறி. மலேசியாவின் மற்றப் பகுதிகளுக்கு முட்டைக்கோசும் கீரையும் தக்காளியும் பெருமளவில் இறங்குவது இங்கிருந்துதான். கீழே நகரத்தில் வாடி வதங்கி வருகிற கீரையை இங்கே விளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிடுகிறீர்கள். அதனால் இறைச்சித் தட்டை விடக் கீரைத் தட்டை இரண்டாவது முறை கேளுங்கள். போடுகிற வரிசையும் உண்டு. முதலில் கோசும் காளானும். சாறு அதன் இனிப்பை வாங்கிக்கொண்ட பிறகு கோழி, மீன், இறால். மெல்லிய கீரைகள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், நூடுல்ஸ் கடைசியில். எல்லாவற்றின் ருசியும் சேர்ந்த அந்தச் சாற்றில் வெந்த நூடுல்ஸுக்காகத்தான் வயிற்றில் இடம் வைக்கச் சொல்கிறேன். பச்சைக் கறியை எடுக்க ஒரு குச்சி, சாப்பிட வேறு குச்சி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சீனக் கடையில் பன்றி இறைச்சி இருக்கலாம். மலாய் முஸ்லிம் கடையில் அது இருக்காது, ஆனால் இறைச்சித் தட்டில் மாட்டிறைச்சி இருக்கலாம். மலாயில் 'டாகிங்' என்றால் இறைச்சி. சாப்பாட்டுக் கடைப் பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிக்கும். 'அயாம்' கோழி, 'காம்பிங்' ஆடு, 'இக்கான்' மீன், 'பாபி' பன்றி. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் 'அயாம் சஹாஜா' என்று சொன்னால், கோழி மட்டும் என்று புரிந்துகொண்டு தட்டை மாற்றித் தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். சைவ நண்பர் ஒருவரை அழைத்துப் போன கடையில் 'காய்கறி மட்டும்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தோம். தட்டில் காய்கறிதான் வந்தது. பானையில் கொதித்தது கோழி எலும்புச் சாறு. அவர் அன்றிரவு வெறும் பழத்தோடு படுத்தார், எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. காயைக் கேட்டால் போதாது, சாற்றையும் தனியாகக் கேட்க வேண்டும். தொம் யாம் சாற்றில் இறாலோ மீனோ சேர்ந்திருக்கும். கீரைப் பொரியல் என்று கேட்டால் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது கலந்து வரலாம். கண்ணுக்குத் தெரியாது. 'தாக் மாவ் பெலாச்சான்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் தமிழ்க் கடைக்குத் திரும்பி வந்து தோசையும் வாழையிலைச் சாப்பாடும் கேளுங்கள். குழந்தைகளோடு வருகிற சைவக் குடும்பங்களுக்கு என் பரிந்துரை எப்போதும் அதுதான்.

வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங் பக்கம் இரவுச் சந்தை கூடும். 'பசார் மாலாம்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கரித்தணலில் வாட்டிய சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சாத்தே குச்சிகள் என்று நடந்துகொண்டே சாப்பிடலாம். சாத்தேயை எப்போதும் தணலிலிருந்து எடுக்கிற கடையில் வாங்குங்கள், அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். சோளத்தைக் கரியில் வாட்டியதாகவே கேளுங்கள். மலையில் விளைகிற சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குத் தேன் போன்ற இனிப்பு உண்டு. தோலோடு சுட்டதை இரண்டாகப் பிளந்து கையில் பிடித்தால் கையுறை தேவையில்லை. சுட்ட மீனுக்காக மட்டும் இவ்வளவு உயரம் ஏறி வர வேண்டாம். அதற்குக் கடலோர ஊர்கள் இருக்கின்றன.

தேயிலைத் தோட்டத்தை நான் காலைக்கு வைத்துக்கொள்வேன். பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சரிவுக்கு வெளியே நீட்டிக் கட்டிய தேநீர்க் கூடம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, கிளம்புமுன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். போகிற சாலை மிகக் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். பத்து மணிக்கு முன் போய்விட்டால் பனி விலகுவதைப் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் மழைக்கு வாய்ப்பு அதிகம். அங்கே தேநீரைப் பால் சேர்க்காமல் கேட்டுப் பாருங்கள். ஊர்க் கடையில் என்றால் 'தே ஓ' என்பது பாலில்லாத தேநீர். சர்க்கரை போட்டுத்தான் வரும், குறைக்க 'கூராங் மானிஸ்'. கெட்டிப்பால் சேர்த்து ஆற்றி நுரைக்க வைத்த 'தே தாரேக்' இரவுத் தந்தூரிக்குப் பிறகு நன்றாக இருக்கும். தோட்டத்தில் பால் சேர்த்துக் குடித்தால் அந்தத் தேயிலையின் ருசி மறைந்துவிடும்.

வந்து சேர்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும் பலர் ஏறி வருவது பேராக் மாநிலத்து வழிகளில்தான். தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை, ஈப்போ பக்கத்துச் சிம்பாங் புலாயிலிருந்து இன்னொரு சாலை. தாப்பா வழியில் வளைவுகள் அதிகம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். அந்த வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியருகே வண்டியை நிறுத்தி இளைப்பாறலாம். செமாய் பழங்குடி மக்கள் சாலையோரத்தில் காட்டுத் தேனும் பெத்தாய்க் காயும் விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்கு நேர்ப் பேருந்து உண்டு. நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். சொந்த வண்டி இல்லாதவர்கள் தானா ராத்தாவிலேயே தங்குவது நல்லது. தந்தூரிக் கடைகள் நடை தூரத்தில் கிடைக்கும். சனிக்கிழமைகளில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை வண்டிகள் நகராமல் நிற்கும், அந்த நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். சிறு கடைகளுக்காகக் கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்க் கடையில் சாப்பிட்டு முடித்து, காசு கொடுக்கும்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் "உங்க குடும்பம் எந்தத் தோட்டத்துல இருந்தாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரமாக இருந்தால் பேசுவார்கள். நீங்கள் காலையில் படம் பிடித்த பச்சைச் சரிவுகளை யார் வெட்டித் திருத்தினார்கள் என்பதைத் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் படிப்பதை விட அந்தக் குடும்பத்தார் வாயால் கேட்டுக்கொண்டு மலையிறங்குங்கள்.