மருந்துக்குக் கேளாத கிருமிகள்

காய்ச்சல் தணியாதபோது, "இந்த மருந்துக்குக் கேட்கவில்லை" என்று கூறுவது நம் மக்கள் வழக்கம். ஏன் கேட்கவில்லை என வினவினால், "மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது" என்பர் பலர். முன்னது பொருத்தமான கூற்று, பின்னது பிழை. கிருமிகொல்லி மருந்தை எதிர்த்து நிற்கக் கற்பது நம் உடம்பன்று. உடம்பினுள் புகுந்த பாக்டீரியா என்னும் நுண்ணுயிரே. மருந்தினால் பல மடிய, மடியாது எஞ்சிய சில அவற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டு பல்கிப் பெருகுகின்றன. இவ்விருவகைக் கிருமிகளையும் நுண்ணோக்கியில் வைத்து நோக்கினும் வேற்றுமை புலப்படாது. ஆதலின் கிருமியையே வினவி விடை பெறுதல் வேண்டும். அவ்வாறு வினவும் முறை யாது?

1928ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், செயிண்ட் மேரி மருத்துவமனையில், அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் தட்டுகளில் கிருமிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார். ஒரு தட்டில் தற்செயலாகப் பூசணம் படிந்துவிட்டது. அதனைச் சூழ்ந்த இடத்தில் கிருமிகள் கரைந்தொழிந்திருக்கக் கண்டார். பெனிசிலின் கண்டுபிடிப்புக்கு வித்து அதுவே. 1940ஆம் ஆண்டிலேயே, அம்மருந்து மக்களிடையே பரவுதற்கு முன்னரே, பெனிசிலினைச் சிதைக்கும் நொதியொன்று சில கிருமிகளிடம் உண்டென ஆபிரகாம், செயின் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் இருவர் வெளியிட்டனர். 1945இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், போதாத அளவு மருந்துண்பதனால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும் எனப் பிளெமிங்கும் எச்சரித்தார்.

அன்று பூசணத்தைச் சூழ்ந்து தெளிந்திருந்த அவ்விடமே இன்று ஆய்வுக்கூடங்களில் அளவுகோலாய்ப் பயன்படுகிறது. நோயாளியின் சிறுநீர், சீழ், குருதி முதலியவற்றிலிருந்து கிருமியை முதலில் தனியே பிரித்து வளர்ப்பர். இதற்கே ஒரு நாளேனும் செல்லும். பின்னர் அதனை உப்புநீரில் கலந்து, அளவு தெரிந்த ஒரு கலங்கலோடு ஒப்பிட்டுச் சரிசெய்வர். அந்நிலையில் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 15 கோடிக் கிருமிகள் இருக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் பொருளோடு ஊட்டப்பொருள்களைச் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால், அது நுங்கின் பதத்தில் உறையும். அதன்மேல் கலங்கலைப் பஞ்சுக்குச்சியால் இடைவெளியின்றித் தடவி, மருந்தூட்டிய 6 மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகளை ஆங்காங்கே வைப்பர். 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணிநேரம் கழித்துப் பார்த்தால், தட்டு முழுதும் கிருமிகள் புல்தரைபோல் படர்ந்திருக்கும். கேட்கும் கிருமியாயின் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுந்தரை தோன்றும். கேளாத கிருமியாயின் அவ்வட்டம் சிறுத்திருக்கும். அல்லது வட்டமே இராது.

பெரிய வட்டம் காட்டிய மருந்தே சிறந்தது என எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு மருந்தும் அகரில் பரவும் விரைவு வேறு. ஆதலின் மருந்துக்கும் கிருமிக்கும் ஏற்பத் தனித்தனி அளவு வகுத்துள்ளனர். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாவர், கெர்பி முதலியோர் 1966இல் இம்முறைக்கு ஒழுங்கு வகுத்து வெளியிட்டனர். அகரின் தடிப்பு 4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அது மெலிந்தால் வட்டம் பொய்யாக விரியும். கேளாத கிருமியும் கேட்பதுபோல் தோன்றும். அப்பொய் வட்டத்தை நம்பி மருந்து கொடுத்தால் இழப்பு நோயாளிக்கே. ஆகவே இயல்பு நன்கறியப்பட்ட கிருமியொன்றையும் உடன் வைத்துச் சோதிப்பர். பொன்னை உரைத்துப் பார்க்கும் தட்டார், மாற்றறிந்த உரையாணியையும் உடன் உரைத்து ஒப்பிடுவதை இஃது ஒக்கும்.

இத்துணைக் கவனத்துக்கும் பிடிபடாத கள்ளக் கிருமிகளும் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமிகளுள் சில, கிளிண்டமைசின் மருந்தைத் தனியே வைத்தால் முழு வட்டம் காட்டி அடங்கியதுபோல் நடிக்கும். எரித்ரோமைசின் என்னும் பிறிதொரு மருந்து அண்மையில் இருப்பின், உறங்கிக் கிடந்த எதிர்ப்பாற்றல் விழித்தெழும். இதனை அறிந்தோர் அவ்விரு வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே வைப்பர். கள்ளக் கிருமியாயின், கிளிண்டமைசின் வட்டத்தின் ஒரு பக்கம், எரித்ரோமைசினை நோக்கிய பக்கம் மட்டும், தட்டையாகிவிடும், முழுமதி அரைமதியாகும். அவ்வடிவம் ஆங்கில எழுத்தாகிய 'டி'யை ஒத்தலின் 'டி சோதனை' என்பது பெயர். அரைமதி தோன்றின், கிளிண்டமைசினுக்கும் கேளாதது என்றே அறிக்கை எழுதுவர். கருவி ஏதுமின்றி, இரு காகித வில்லைகளைக் கொண்டே ஒளிந்திருப்பதை வெளிக்கொணரும் இச்சோதனையை யான் பெரிதும் வியக்கின்றேன்.

எவ்வளவு மருந்து வேண்டும் என அறிய வேறொரு முறை உண்டு. வரிசையாய் அமைந்த குழாய்களில் மருந்தின் செறிவைப் படிப்படியாகப் பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் கிருமியை இட்டு வைப்பர். மறுநாள் கலங்காது தெளிந்திருக்கும் குழாய்களுள் மிகக் குறைந்த மருந்துடையது எதுவோ, அதன் செறிவே கிருமியை அடக்கும் குறைந்த அளவாகும். கொலிஸ்டின் என்னும் மருந்து அகரில் நன்கு பரவாது; அதற்கு வில்லை முறையை நம்பாமல் இம்முறையையே நாடுவர்.

காசநோய்க் கிருமியோ மிக மெல்ல வளர்வது; வளர்த்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். 2010ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் கருவி, சளியிலுள்ள கிருமியின் மரபணுவை ஆராய்ந்து, அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கேட்குமா, கேளாதா என்பதனை ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் கூறிவிடும். ஆயினும் தனக்குக் குறித்துக் கொடுத்த மரபணுப் பகுதியில் மட்டுமே அக்கருவி தேடும். பிற மருந்துகளுக்குக் கேளாத கிருமி அதன் பார்வைக்குத் தப்பும். ஆகவே வளர்த்துப் பார்க்கும் பழைய முறையும் ஒழிந்தபாடில்லை.

குருதியில் கிருமி பரவியவரோ அத்துணை நேரம் காத்திருத்தல் இயலாது. மருத்துவர் தம் அறிவால் ஊகித்து ஒரு மருந்தை உடனே தொடங்குவர். இயன்றவரை அதன் முதல் வேளைக்கு முன்னரே சோதனைக்குக் குருதி எடுக்கப்படும். மருந்து கலந்தபின் எடுத்தால், கிருமி தட்டில் வளராமற் போகக்கூடும். இரண்டு மூன்று நாளில் அறிக்கை வந்ததும், தொடங்கிய மருந்து தொடரும், அன்றேல் மாறும்.