இருட்டறையில் கிடைத்த வெளிச்சம்



அந்நியன் செய்த தீங்கை மனிதன் சீக்கிரம் மறந்துவிடுவான். ஒரே பந்தியில் உண்டவன் செய்த துரோகமோ நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிடும். கூடப்பிறந்தவன் சொன்ன பொய்ச்சாட்சி, நம்பிக் கொடுத்த பணத்தை இல்லையென்ற சிநேகிதன் - இப்பேர்ப்பட்ட காயத்தோடு கோவிலில் முழந்தாட்படியிடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அர்ச். சிலுவை அருளப்பருடைய சரித்திரம் நல்ல பாடம்.

ஸ்பெயின் தேசத்தில் 1542-ம் ஆண்டு பிறந்த இவர், அர்ச். அவிலா தெரேசம்மாளோடு சேர்ந்து, கார்மேல் சபையைப் பழைய கண்டிப்பான ஒழுங்குக்குத் திருப்ப உழைத்தார். இது சபையில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1577 டிசம்பர் 2-ம் தேதி இரவு அவருடைய சொந்த சபையாரே அவரைப் பிடித்துப்போய், தொலேதோ நகர மடத்தில் அடைத்தார்கள். அறை சுமார் 10 அடி நீளம், 6 அடி அகலம். வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு சிறு துவாரம். சாப்பாட்டறையில் எல்லார் முன்னிலும் சாட்டையடி. ஏறக்குறைய 9 மாதம் இப்படிக் கழிந்தது.

இதில் நாம் கற்கவேண்டியவை மூன்று.

முதலாவது: அவர் தம் தீர்மானத்தை மாற்றவில்லை. துரோகத்துக்கு ஆளானவன், "நான் செய்ததெல்லாம் பிசகோ?" என்று கலங்குவான். சர்வேசுரன் சந்நிதியில் அமைதியாய் யோசித்து எடுத்த நல்ல தீர்மானத்தைக் கலக்கமான வேளையில் கைவிடலாகாது.

இரண்டாவது: அவர் தம் மனதைக் கசப்புக்குக் குத்தகை விடவில்லை. ஆத்தும நேசராகிய ஆண்டவரைப் பாடும் "ஞான கீதம்" என்ற பாடலின் பெரும்பகுதியை அந்த அறையில்தான் இயற்றினார். சிறைவைத்தவர்களைப் பற்றி அதில் ஒரு முறைப்பாடுமில்லை.

மூன்றாவது: அவர் தப்பி வெளியேறினார். 1578 ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு, பூட்டைத் தளர்த்தி, போர்வையைக் கிழித்துக் கயிறாக்கி, சன்னல் வழியே இறங்கினார். பொறுமையென்பது அநியாயத்துக்குள் உட்கார்ந்து சாவதல்ல. மன்னிப்பது வேறு, மறுபடியும் ஏமாறக் கழுத்தை நீட்டுவது வேறு. நியாயமான வழியில் உரிமையைக் கேட்பது பாவமல்ல. பகையை வளர்ப்பதே பாவம்.

சோதனை அத்தோடு முடிந்ததா? இல்லை. 1591-ல், தாம் வளர்த்த சீர்திருத்த சபையிலேயே உத்தியோகம் இழந்தார். சிலர் அவர்பேரில் குற்றம் தேடினார்கள். காலில் புண்ணும் காய்ச்சலும் கண்டபோது, சிநேகிதர் இருந்த ஊரை விட்டு, உபேதா மடத்துக்குப் போனார். அங்கே சிரேஷ்டர் அவரை வெறுத்து, வைத்தியச் செலவுக்கும் முணுமுணுத்தார். அருளப்பரோ சாகுமுன் அவரை அழைத்து, தொந்தரவு கொடுத்ததற்காகத் தாமே மன்னிப்புக் கேட்டார். அந்தச் சிரேஷ்டரின் கல்நெஞ்சு கரைந்தது. டிசம்பர் 14-ம் தேதி அருளப்பர் மரித்தார். 1726-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும், 1926-ல் திருச்சபையின் வேதபாரகர் என்ற மகிமையும் பெற்றார்.

நம்மில் துரோகத்தால் நொந்தவரே, உமக்குத் தீங்கு செய்தவன் மனந்திரும்பும்வரை உம் சமாதானம் காத்திருக்க வேண்டியதில்லை. இருட்டறையின் சாவி அவன் கையில் இருக்கலாம். உம் ஆத்துமத்தின் சாவி அவனிடமில்லை.

இவ்வாரத் தீர்மானம்: எனக்குத் துரோகம் செய்தவருக்காகத் தினம் ஒரு பரலோக மந்திரம் ஜெபிப்பேன். அவர் செய்ததை, கேட்கத் தேவையில்லாதவர்களிடம் சொல்லித் திரியமாட்டேன்.

மனவல்லப ஜெபம்: ஆண்டவரே, என் காயத்தை ஆற்றும், என் வழியைக் காட்டும்.