புதியவரோடு அலகல்லை ஏறும்போது



பிலிமத்தலாவையிலிருந்து ஆட்களை அலகல்லை, ஹந்தானை மலைகளுக்குக் கூட்டிப்போகும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறாய், தம்பி. எந்த வளைவில் மானாப்புல் பாதையை மறைக்கும், மழை விட்ட பிறகு எங்கே அட்டை ஏறும் என்பதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பாதையை விட்டுவிட்டு, உன்னோடு வரும் ஆளைப் பற்றி எழுதுகிறேன். அதிலும், அன்று காலைதான் நீ முதன்முதலாக முகம் பார்க்கும் ஆளைப் பற்றி. பாறையும் வழுக்கலும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். புதியவர் உன்னிடம் காட்டும் மரியாதைதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

பழகிய நண்பன் என்றால், "முழங்கால் வலிக்குதுடா, கொஞ்சம் உட்காருவோம்" என்று சொல்லிவிடுவான். புதியவர் சொல்லமாட்டார். உன் நேரத்தை வீணாக்குகிறோமோ என்ற கூச்சம், பலவீனமாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயம், இரண்டும் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிடும். நீ "சரியா?" என்று கேட்பாய், அவர் "சரி" என்பார். அந்தச் சரியில் செய்தி எதுவும் இல்லை. போத்தலைப் பார். ஒன்றரை மணி நேரம் ஏறியும் தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தால், நின்று குடிக்கக்கூட அவர் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். சமதரையில் சப்பாத்து நுனி கல்லில் தட்டத் தொடங்கினால், கால் களைத்துவிட்டது. பேச்சையும் கவனி. உடற்பயிற்சி வல்லுநர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை இது: முழு வாக்கியம் பேச முடிந்தால் உழைப்பு அளவோடு இருக்கிறது, வாக்கியம் இரண்டு மூன்று சொற்களாக உடைந்தால் அளவு தாண்டிவிட்டது. அதனால் ஏற்றத்தில் அவரை முன்னால் நடக்கவிடு. நீ முன்னால் போனால் உன் வேகத்தைப் பிடிக்க அவர் திணறுவார், அந்தத் திணறல் உன் முதுகுக்குத் தெரியாது.

"வருகிறவர் என்னைவிடப் பெரிய மலைகளை ஏறியவராக இருந்தால்?" என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். குளிர்நாட்டில் பழகிய உடம்புக்கு நம் காலை வெயிலும் ஈரக்காற்றும் வேறு கணக்கு. அனுபவம் கூடியவருக்கு நிறுத்தக் கேட்கும் கூச்சமும் கூடவே இருக்கும் என்பதையும் மறக்காதே. அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு இந்த மலைகளிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1594இல் பேத்ரோ லோபெஸ் டி சோசாவின் போர்த்துக்கேயப் படை பலன வழியாக ஏறிக் கண்டிக்கு வந்தது. கூட வந்த உள்ளூர்ப் படையினரான லஸ்கரின்களின் தலைவன் ஜயவீர பண்டாரவைத் துரோகி என்று சந்தேகித்துக் கொன்றார்கள். லஸ்கரின்கள் படையைவிட்டுப் போனார்கள். உன் ஊருக்குப் பக்கத்துத் தந்துரேயில் அந்தப் படை அழிந்தது. ஆயுதத்திலும் அனுபவத்திலும் குறையில்லாதவர்கள், கூட நடந்தவர்களின் மனதை மட்டும் அறியவில்லை. போரையும் ஒருநாள் நடையையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்றம் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. "அவர் உச்சியைப் பார்க்கத்தான் காசு தருகிறார், பாதியில் திருப்பினால் என் பெயர் என்னாகும்?" இதற்குப் பதில் மலையில் கிடையாது, புறப்படும் இடத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடற்கட்டு உள்ளவர் ஓய்வில்லாமல் நடக்கும் கணக்கு அது. படம் எடுக்க, அட்டை பிடுங்க, மூச்சு வாங்க அதில் இடமில்லை. நமக்கோ ஆண்டு முழுவதும் பொழுது சாய்வது மாலை 6 மணியை ஒட்டித்தான். அதன் பிறகு வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகலிலேயே இடி இறங்கிவிடும். ஆகவே தேநீர்க் கடையில் உட்காரும்போதே சொல்லிவிடு: "ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ, அங்கிருந்து திரும்புவோம்." அப்போது அவர் தலையாட்டுவது கூச்சத்தால் அல்ல, இன்னும் களைக்காத, தெளிந்த மனிதரின் சம்மதம். மேலே போய்த் திருப்பினால் அது உன் முடிவு, அவருக்கு ஏமாற்றம். கீழேயே பேசிவைத்தால் அது இருவரின் முடிவு.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிடு. 2016 மே 17இல் அரநாயக்கவில் இறங்கிய மலை உனக்குத் தூரத்து மலை இல்லை.

இறக்கத்தில் மட்டும் வரிசையை மாற்று. நீ கீழே, அவர் மேலே. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் அதிகம் அடிவாங்கும், கால் இடறும். மூன்றடி முன்னால் நின்று, காலை எங்கே வைக்கலாம் என்று கையால் காட்டு. அந்த நேரத்தில் அவர் தானாகவே "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்வாரானால், அவர் இனி உனக்குப் புதியவர் இல்லை.