சொல்லும் வாழ்வும்

பெருமாட்டிப் பகுதியில் நம் இளைஞர் சிலர் தாம் இயற்றிய செய்யுட்களைக் கொணர்ந்து, "இவை தேறுமா?" என வினவுகின்றனர். தேறுமா என்று ஆராயுமுன், யாருக்காக எழுதப்பட்டன என்று ஆராய்தல் நலம். இதற்குக் கேரள நாட்டிலேயே தக்க சான்று உண்டு.

1873இல் காயிக்கரையில் ஈழவர் குடியில் பிறந்த குமாரன் என்பார், இளமையில் சிருங்காரச் செய்யுட்கள் இயற்றி வந்தார். 1891ஆம் ஆண்டளவில் ஸ்ரீ நாராயண குருவைக் கண்டார். குருவும் கவிஞரே. மலையாளத்திலும் வடமொழியிலும் பாடியதோடு தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் ஆக்கியவர். அவர் குமாரனுக்குக் கூறிய அறிவுரை, சிருங்காரக் கவிதையை விடுக என்பதே. இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குரு எழுதுகோலைப் பறித்தாரில்லை; திறமை செல்லும் திசையையே மாற்றினார்.

இரண்டாவது, சொல்லோடு நின்றாரில்லை. டாக்டர் பல்புவின் துணையால் குமாரன் பெங்களூரிலும் பின்னர் கல்கத்தாவிலும் பயில வழி உண்டாயிற்று. ஏழைப் பிள்ளைக்கு அறிவுரை கூறுவோர், அவன் கற்பதற்கும் வழிசெய்தல் கடமையாம்.

மூன்றாவது, கவிஞர் மக்கட் பணியிற் பழுத்தார். 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியபோது அதன் முதற் செயலாளரானார். அறிவுரை பெற்று முப்பது ஆண்டுகள் சென்றபின், 1922இல், குமாரன் ஆசான் 'சண்டாள பிக்ஷுகி'யை வெளியிட்டார். தாகமுற்ற ஆனந்த தேரர், தீண்டாதவளென ஒதுக்கப்பட்ட மாதங்கியிடம் கிணற்றடியில் நீர் வேண்டிப் பெற்ற வரலாறு அது. ஆசான் பௌத்தராகவில்லை, மதம் மாறுதலை ஆதரித்தவருமல்லர். ஆயினும் சாதியின் கொடுமையைக் காட்ட அவருக்குப் பகவன் புத்தரின் வரலாறே வேண்டியிருந்தது.

அந்தக் கிணறு நமக்குத் தொலைவில் இல்லை. நம் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில், 2000இல் குளிர்பான ஆலை தொடங்கப்பட்டபின் கிணற்று நீர் கெட்டுக் குடிக்கத் தகாததாயிற்று. 2002இல் தொடங்கிய போராட்டத்தில் மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் முன்னின்றனர். 2004இல் ஆலை நின்றது. குடத்தோடு நெடுந்தொலைவு நடந்த அப்பெண்களின் கால்களைக் கண்ட இளைஞனுக்கு, பாடுபொருளைத் தேடி நிலவுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

எழுதியதை எவ்வாறு சோதிப்பது? சுத்த நிபாதத்தில் பகவன் நற்சொல்லுக்கு நான்கு இலக்கணம் வகுத்தார்: நன்கு சொல்லப்படுதல், அறத்தோடு பொருந்துதல், இனிமை, உண்மை. அதனைக் கேட்டுப் பாடிப் போற்றியவர், பிக்குக்களுட் கவியாகிய வங்கீச தேரர். நல்வாய்மை, நாவுக்கு மட்டுமன்று, எழுதுகோலுக்கும் உரியது.

ஆதலின் இளைஞர்களே, எழுதிய செய்யுளை எங்களிடம் கொணருமுன், உங்கள் தெருவில் நீர் சுமக்கும் ஒரு தாய்க்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத சொல்லையும், அவர் உண்மையன்று என மறுக்கும் சொல்லையும் நீக்குங்கள். எஞ்சியதைக் கொணருங்கள், சேர்ந்து படிப்போம்.